ஓடாமலே எழுதிய கிலோமீட்டர்கள்

2020 ஜூன் மாதம். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மூவாயிரம் மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தேன். ஏழரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கனமான மரத்தடைகளைத் தாண்ட வேண்டும். ஒரு தடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதில் இறங்கி ஈரக்காலோடு மறுபடி ஓட வேண்டும். முந்தைய வருடம் தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்திருந்தேன். அதனால் வடக்கே ஒரு மாநிலத்தில் நடந்த தேசியப் பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் பத்து நொடி குறைத்தால் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள் என்ற நிலைமை.

மார்ச்சில் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து. நாலு நாள் லீவு கேட்டு ஊருக்கு வந்தேன். ஒரே ஒரு ஜோடி ஓட்டக் காலணி, மூன்று செட் துணி. வந்த மூன்றாம் நாள் ஊரடங்கு அறிவித்துவிட்டார்கள். ரயில் இல்லை, பஸ் இல்லை. வடக்கேயிருந்து வந்தவள் என்பதால் பதினாலு நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முகாமிலேயே தங்கிவிட்டவர்களும் அறைக்குள்தான் அடைந்து கிடந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அப்போது எனக்கு, நான் மட்டும்தான் பின்தங்குகிறேன் என்று தோன்றியது.

பதினாலு நாள் முடிந்ததும் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தேன். நாலாம் நாள் போலீஸ் பைக்கில் வந்து விரட்டினார்கள். கரும்புக் கொல்லை வரப்பில் ஓடிப் பார்த்தேன், கால் பிசகியது. தெருவில் ஓடினால், "ஊரே அடங்கிக் கெடக்குது, இதுக்கு மட்டும் இன்னா ஓட்டம்?" என்று பேச்சு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குவது எனக்குத் தெரியும்.

பயிற்சியாளர் சார் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அன்றைய பயிற்சியை அனுப்புவார். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், மறுநாள் காலை எழுந்ததும் நாடித்துடிப்பு எத்தனை என்று நாங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த வாரப் பயிற்சியை அவர் முடிவு செய்வார். பள்ளியில் படிக்கும்போதே என்னைக் கண்டுபிடித்து ஏழு வருடம் கூடவே இருந்தவர். என் அப்பாவைவிட அவருக்குத்தான் என் உடம்பைப் பற்றி அதிகம் தெரியும்.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடச் சொல்லியிருந்தார். ஐந்தில் நின்றுவிட்டேன். வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், அங்கே ஆரம்பித்தது.

ஒரு வாரத்தில் ஓடுவதே நின்றுவிட்டது. எதற்காக ஓடுகிறோம் என்றே தெரியவில்லை. போட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. பகலில் மரவள்ளிக் கொல்லையில் கொஞ்ச நேரம் வேலை, மீதி நேரமெல்லாம் கட்டில், போன், தூக்கம். முகாமில் முட்டை, கறி, பருப்பு என்று அளந்து சாப்பிட்டவள், இங்கே மூன்று வேளையும் சோறு. எடை ஐந்து கிலோ ஏறியது. காலையில் எழுந்ததும் நாற்பத்தெட்டு இருக்கும் நாடித்துடிப்பு அறுபத்தாறுக்கு வந்துவிட்டது. நான் ஐம்பது என்று எழுதினேன்.

பொய்யைக்கூடச் சோம்பேறித்தனமாகத்தான் செய்தேன். போன வருடப் பயிற்சி நோட்டு கையோடு வந்திருந்தது. அதில் இதே மாதம், இதே வாரம் என்ன நேரம் எடுத்தேன் என்று பார்த்து, ஏழெட்டு நொடி கூட்டிப் போட்டு அனுப்பினேன். ஐம்பது நாளுக்கு மேல் இப்படியே போனது. கட்டிலில் படுத்துக்கொண்டு நான் ஓடிய தூரத்தைக் கூட்டினால் இங்கிருந்து சென்னைக்குப் போய் வந்திருக்கலாம்.

ஜூன் தொடக்கத்தில் சார் போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"அடுத்த மாசம் முகாம் திறக்கறாங்க. போன உடனே மூணு கிலோமீட்டர் ஓட விட்டுப் பார்ப்பாங்க. சொன்ன நேரத்துக்குள்ள வரலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. மத்த பிள்ளைங்கள நினைச்சாத்தான் கவலையா இருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மைதானம் எதுவும் திறக்காததால் மலைச் சாலையில் பயிற்சி செய்யச் சொல்லி அன்று மாலையே பட்டியல் அனுப்பினார். கல்வராயன் மலை ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் வேகமாக ஏற வேண்டும், இறங்கும்போது நடந்து வர வேண்டும். இப்படி எட்டு முறை. நான் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி, அந்த உடம்புக்குப் போட்ட கணக்கு அது.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துக்குப் போனார். வெள்ளிமலைக்குப் போகும் பஸ் எதுவும் அப்போது ஓடவில்லை. எப்போதாவது ஒரு ஜீப் இறங்கி வரும், அவ்வளவுதான். அண்ணன் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு அங்கிருந்த சிறு பாலத்தின் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது முறை ஏறும்போதே தொடை நடுங்கியது. மனசுக்குள் ஒரு பயம். இன்னும் நாலு வாரம்தான், விட்ட ஐம்பது நாளையும் இந்த நாலு வாரத்தில் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. சார் நடக்கச் சொன்ன இறக்கத்திலும் ஓட ஆரம்பித்தேன். வேகமாக, கால்களைத் தார்ச்சாலையில் தட்டித் தட்டி. அதுவும் சேர்த்தால் இரண்டு மடங்கு பலன் என்று நானாகப் போட்ட கணக்கு.

ஆறாவது முறை முடிந்ததும் அண்ணன் எழுந்து வந்தார்.

"போதும் பாப்பா. வெயில் ஏறிக்கினு வருது. மூஞ்சியெல்லாம் ஒரு மாரி இருக்குது."

"எட்டு போடணும்னு சார் சொல்லியிருக்காருண்ணா."

"அவரு இன்னா இங்க வந்தா பாக்கறாரு?"

அதைக் கேட்டதும் எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. ஏழாவது ஓட்டத்துக்குத் திரும்பினேன். எட்டையும் முடித்தேன். வீட்டுக்கு வந்து அன்று இரவு, ஏப்ரலுக்குப் பிறகு முதன்முறையாக, உண்மையான நேரங்களை எழுதி அனுப்பினேன். அவை மோசமாக இருந்தன. "மலை ஏத்தம், அப்படித்தான் இருக்கும்" என்று சார் பதில் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. பயிற்சிக்குப் பிறகு வலி வருவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இது வேறு மாதிரி. தொடை இரண்டும் கல் மாதிரி இறுகி வீங்கியிருந்தன. கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியாமல், அண்ணி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அண்ணியே மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு போட்டேன், ராத்திரி இன்னும் இரண்டு.

திங்கட்கிழமை காலை சிறுநீர் கறுத்துப் போனது. பால் விடாத வரக்காப்பி மாதிரி. மாதவிலக்கு முன்னாலேயே வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் மறுபடி அதே நிறம். அளவும் கொஞ்சம்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா பரிசோதனை. சென்னையிலிருந்து வந்த ஒருவருக்குத் தொற்று என்று பக்கத்துத் தெருவில் அப்போதுதான் ஒரு வீட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பால்காரர்கூடப் போவதில்லை.

அன்று சாயங்காலம் காய்ச்சல் கணக்கு எடுக்க ஒரு நர்ஸ் வந்தார். எங்கள் ஊருக்கு வழக்கமாக வருகிறவர் இல்லை. அவருக்குக் காய்ச்சல் என்று, வெள்ளிமலைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் இவரை ஒரு வாரத்துக்கு அனுப்பியிருந்தார்களாம். முகத்தில் இரண்டு மாஸ்க், தலையில் தொப்பி, கையில் நோட்டு. கண் மட்டும்தான் தெரிந்தது.

நான் வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் கருவியைக் காட்டிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டுக்குப் போகத் திரும்பியவர் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, ஆளு வந்தா எழுந்திரிக்கவே மாட்டேங்கிற? கால்ல இன்னா?"

"ஓடினேங்க. அதான் வலி."

குனிந்து என் தொடையை விரலால் அழுத்தினார். நான் கத்திவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஒண்ணுக்கு எந்தக் கலர்ல போவுது?"

அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவே இல்லை. பொய் சொல்வதற்குக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"வரக்காப்பி மாரிங்க."

"எத்தினி நாளா?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து."

"பாம்பு எதுனா கடிச்சுதா? கொல்லைப் பக்கம் போனியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

இல்லை என்றேன். மலையில் பாம்பு கடித்து வருகிறவர்களுக்குச் சிறுநீர் இப்படிக் கறுத்துப் போவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்படிப் போனால் கிட்னிக்கு ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். எனக்கு வந்திருப்பது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் இப்போதே கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்பா தயங்கினார். "காலையில போலாமேம்மா. இப்ப இட்டுக்கினு போனா வூட்டுக்குத் தகரம் அடிச்சிடுவாங்க. ஊர்ல தல காட்ட முடியாது."

நர்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. "தகரம் அடிச்சா பதினாலு நாள்ல பிரிச்சிடுவாங்கப்பா. கிட்னி போயிடுச்சுன்னா நீங்களும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. காலைல வரைக்கும் வெச்சிருக்காதீங்க."

அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஊர் ஊராகப் பணியாளர்களை இறக்கிவிட வந்த ஜீப் பக்கத்து ஊரில் நின்றது. நர்ஸ் அதைப் போன் செய்து வரவழைத்தார். முன் சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். அப்பாவும் அவரும் பின்னால். அவர் எங்களோடு வர வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் முப்பது வீடு பார்க்க வேண்டியிருந்தது. "நீங்க போயி டாக்டருகிட்ட சரியா சொல்ல மாட்டீங்க" என்று ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் டாக்டர், என்ன வேலை செய்தாய், கீழே விழுந்தாயா, என்ன மாத்திரை போட்டாய் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஓட்டப்பந்தய வீராங்கனை என்று சொன்னேன்.

"தினமும் ஓடுவீங்களா? பழக்கமான ஓட்டம்தானா?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் அப்படியே எழுதப் போனார். அப்போது அப்பா, என் பின்னால் நின்றவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இல்லீங்க. ரெண்டு மாசமா ஓடல. வூட்லதான் இருந்துச்சு. சனிக்கிழமைதான் திடீர்னு போச்சு."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். நர்ஸ் என் பக்கம் திரும்பி, "எது நெசம்?" என்றார்.

"அப்பா சொன்னதுதான்" என்றேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு நோட்டைப் பார்த்துப் பார்த்துப் போனில் எழுதியது, காலையில் சாரிடம் ஓடி முடித்த மாதிரிப் பேசியது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அந்த ஒரு பதிலில் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நெடுநாள் சும்மா இருந்த தசைகள், திடீரென்று தாங்க முடியாத வேலை கொடுத்ததால் உடைந்திருக்கின்றன. அதிலும் இறக்கத்தில் ஓடியதுதான் அதிகம் கெடுத்திருக்கிறது. உடைந்த தசைக் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வலி மாத்திரை அதை இன்னும் மோசமாக்கிவிட்டது என்று சொன்னார். தசையிலிருந்து ரத்தத்தில் கசியும், இருநூறுக்குள் இருக்க வேண்டிய ஒரு பொருளின் அளவு எனக்கு முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் பாட்டிலாக, ஆறு நாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்திருக்கும் என்றார். நான் படுக்கையில் ஏறியதைப் பார்த்துவிட்டு நர்ஸ் கிளம்பிவிட்டார். மீதி வீடுகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சிறுநீரின் நிறம் தெளிந்தது. அன்றுதான் சாருக்குப் போன் செய்தேன். ஏப்ரலிலிருந்து எழுதியது முழுக்கப் பொய் என்றும், எந்த நோட்டைப் பார்த்து எழுதினேன் என்றும், இப்போது எங்கே படுத்திருக்கிறேன் என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீ ஓடலைன்னு சொல்லியிருந்தா, நான் நடக்கச் சொல்லியிருப்பேன்மா" என்றார். "ரெண்டு வாரம் நடை, அப்புறம் மெதுவா ஓட்டம். அவ்ளோதான். உடம்பு திரும்பி வந்திருக்கும்."

பிறகு அவரே சொன்னார். "என்மேலயும் தப்பு இருக்கு. உன் நேரமெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு. ஒரு நாள்கூட மோசமா இல்ல. இந்த மாதிரி காலத்துல யாருக்கு அப்படி வரும்? நீயாவது நல்லா இருக்கியேன்னு நம்ப ஆசைப்பட்டுட்டேன்."

அவரிடம் பயிற்சி பெற்ற மற்றவர்களில் பாதிப் பேர் ஓட முடியவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். எடை கூடிவிட்டது என்று அழுதார்களாம். அவர்களுக்கெல்லாம் வீட்டு மாடியிலும் காலித் திடலிலும் செய்கிற மாதிரி பயிற்சியைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் முகாமில் நடந்த சோதனை ஓட்டத்தில் அவர்களும் பழைய நேரத்துக்கு வரவில்லை. ஆனால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

எனக்குக் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. அதற்கு முன்பே இரண்டு நாள் எங்கள் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தகரம் அடிக்கவில்லை. டாக்டர் மூன்று மாதம் ஓடக்கூடாது என்றார். ஜூலை முகாமுக்கு எனக்குப் பதில் வேறொரு பெண் போனார். நான் ஆகஸ்டில் தெருவில் நடக்க ஆரம்பித்தேன், அக்டோபரில் மெல்ல ஓடினேன். ஓடியது ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் ஒன்றரை என்றே எழுதினேன். நின்றுவிட்ட நாளில் "நின்றுவிட்டேன்" என்று எழுதினேன். அப்படி எழுத ஆரம்பத்தில் கை கூசியது. சார் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்று மட்டும் பதில் போடுவார்.

இரண்டு வருடம் கழித்துத் தேசியப் போட்டியில் மறுபடி ஓடினேன். ஏழாவது இடம். என்னுடைய பழைய நேரத்துக்குப் பதினோரு நொடி பின்னால். அதற்குமேல் குறைக்க முடியவில்லை. ஊரடங்கு இல்லாவிட்டால் எங்கேயோ போயிருப்பாய் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள மனசு வருவதில்லை. ஊரடங்கு எல்லோருக்கும்தான் வந்தது. இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், காலையில் மட்டும் ஓடுகிறேன்.

வேலை கிடைத்த சமயத்தில் ஒரு நாள் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனேன். அந்த நர்ஸ் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க் இல்லாத முகத்தை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாபகம் வரலியேம்மா. அந்த ஒரு வாரத்துல எத்தினி வூடு, எத்தினி பேரு. எல்லாரையும் அதே மாரி கேட்டுக்கினுதான் இருந்தேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "இப்ப கலரு நல்லா இருக்குதா?" என்றார். வரிசையில் குழந்தையோடு நின்ற பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னை மறந்துவிட்டதை நினைத்து முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, பாதி மலை இறங்குவதற்குள் அது போய்விட்டது. ஏழு வருடம் என்னை வளர்த்தவரிடம் சொல்லக் கூசிய உண்மையை, முகம்கூடத் தெரியாத ஒருவர் நேராகக் கேட்டதும் சொல்லிவிட்டேன். அதனால்தான் இன்று உயிரோடு ஓடுகிறேன். என் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் இருப்பதை இருக்கிறபடியே சொல்வதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே மரியாதை என்று நினைக்கிறேன்.